வீட்டுப் பேச்சு திரைக்குப் போனால்: போர்ட்னாய் முதல் சேத்துமான் வரை

இந்த எபிசோட் ஃப்ளாப் ஆன ஒரு ஹாலிவுட் படத்தில் ஆரம்பிக்குது. அப்புறம் திருச்செங்கோடு போய், ஒரு பன்றிக்கறி விருந்தில் முடியும். ரூட் கொஞ்சம் சுத்துதான். கூடவே வாங்க, சேர்ந்து போயிரலாம்.

1969 தொடக்கத்தில் அமெரிக்காவின் ரேண்டம் ஹவுஸ் 'போர்ட்னாய்ஸ் கம்ப்ளைன்ட்' என்று ஒரு நாவலை வெளியிட்டது. எழுதியவர் ஃபிலிப் ராத். நியூஜெர்சி மாநிலத்தில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர். கதை என்னன்னு கேட்டா ஒரே வரிதான். அலெக்சாண்டர் போர்ட்னாய் என்கிற 33 வயது யூத வக்கீல், மனநல மருத்துவர் முன்னாடி படுத்துக்கொண்டு புலம்புகிறான். புத்தகம் முழுக்க அந்தப் புலம்பல்தான். எந்நேரமும் கண்காணிக்கிற அம்மா, மலச்சிக்கலோடு போராடுகிற இன்சூரன்ஸ் ஏஜென்ட் அப்பா, பாத்ரூம் கதவைப் பூட்டிக்கொண்டு கழித்த பதின்ம வயசு, செஞ்சது எல்லாத்துக்கும் குற்ற உணர்ச்சி. மூச்சு விடாமல் பேசிக்கொண்டே போவான். டாக்டர் வாயைத் திறப்பது கடைசி வரியில் மட்டும்.

ரொம்ப ஆபாசமான புத்தகம்னு பேர் வாங்கிச்சு. அதே அளவுக்கு விழுந்து விழுந்து சிரிக்க வைத்த புத்தகமும்கூட. அந்த வருஷம் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற நாவல்களில் அதுவும் ஒன்று.

அதில் ஒரு சின்ன விஷயத்தை மட்டும் இப்பவே குறிச்சு வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும். பையன் பள்ளி விட்டு வரும் வழியில் ஹாம்பர்கரும் ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸும் தின்றுவிட்டு வருகிறான் என்று அம்மாவுக்குச் சந்தேகம். வீட்டில் விசாரணைக் கமிஷனே நடக்கும். வெளித்தீனிக்கு அம்மா சொல்லும் இத்திஷ் மொழி வார்த்தை 'ஹசராய்'. கண்ட குப்பை என்று அர்த்தம். அந்தச் சொல்லின் வேர் பன்றி.

இந்தப் புத்தகத்துக்குப் பெரிய அடி சொந்த வீட்டிலிருந்து வந்தது. கெர்ஷோம் ஷோலம் என்று ஒரு பேரறிஞர், ஜெருசலேமில் யூத மறைஞான மரபை ஆராய்ந்தவர். யூதர்களை வெறுப்பவர்கள் எல்லோரும் இப்படி ஒரு புத்தகத்துக்காகத்தான் வேண்டிக்கொண்டு இருந்தார்கள் என்கிற பொருளில் ஹாரெட்ஸ் பத்திரிகையில் எழுதினார். எதிரி கையில் எடுத்துக் கொடுத்துட்டியே என்பதுதான் அந்தக் கோபம். ராத்துக்கு இது முதல் தடவையும் இல்லை. 1959ல் நியூயார்க்கர் பத்திரிகையில் அவர் எழுதிய ஒரு கதையில் ஒரு யூத சிப்பாய், தன் யூத சார்ஜென்ட்டிடம் 'நாமெல்லாம் ஒண்ணு' என்று சொல்லிச் சொல்லிச் சலுகை வாங்குவான். அதற்கே மதகுருமார்களின் கண்டனக் கடிதங்கள் வந்தன.

ஆஸ்திரேலியாவில் நடந்தது தனி காமெடி. அந்த நாட்டு அரசு புத்தகத்தை இறக்குமதி செய்யத் தடை போட்டது. பெங்குவின் ஆஸ்திரேலியா என்ன செஞ்சாங்க தெரியுமா? இறக்குமதிதானே கூடாது என்று 1970ல் சிட்னியிலேயே ரகசியமாக 75,000 பிரதிகளை அச்சடித்துக் கடைகளுக்கு அனுப்பிட்டாங்க. வழக்கு வந்தது. ஒரு மாநிலத்தில் தண்டனை, இன்னொன்றில் விடுதலை. நியூ சவுத் வேல்ஸில் இரண்டு முறை விசாரித்தும் ஜூரிகளால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. 1971ல் தடையை எடுத்துவிட்டார்கள். ஒரு நாட்டின் தணிக்கை முறையே இந்தப் புலம்பலில் ஆட்டம் கண்டது.

இவ்வளவு ஹைப் இருக்கிற புத்தகத்தை ஹாலிவுட் விடுமா? 1972ல் வார்னர் பிரதர்ஸ் படமாகக் கொண்டு வந்தது. எழுதி இயக்கியவர் எர்னஸ்ட் லேமன். சாதாரண ஆள் இல்லை. 'நார்த் பை நார்த்வெஸ்ட்', 'வெஸ்ட் சைட் ஸ்டோரி', 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' படங்களுக்குத் திரைக்கதை எழுதியவர். போர்ட்னாயாக ரிச்சர்ட் பெஞ்சமின், அம்மாவாக லீ கிராண்ட், காதலியாக கரேன் பிளாக். படம் படுத்துருச்சு. விமர்சகர்கள் கிழிச்சுத் தொங்க விட்டாங்க. லேமன் தன் வாழ்நாளில் இயக்கிய ஒரே படம் அதுதான்.

ஏன் தோத்துச்சு? என் கணக்கு இது. நாவலில் நாம் பார்க்கும் அம்மா, மகன் சொல்லும் அம்மா. அவன் மிகைப்படுத்துவான், பயப்படுவான், கொஞ்சம் பொய்யும் சொல்வான். அந்தக் குரல்தான் காமெடி. கேமராவுக்கு இந்தக் குரல் தெரியாது. அது ஒரு சமையலறையைக் காட்டும், அங்கே கத்துகிற ஒரு பெண்ணைக் காட்டும். மகன் மனசில் மலை உயரம் நின்ற அம்மா, திரையில் சத்தம் போடும் ஒரு யூத அம்மா, அதிலும் மகனாக நடித்தவரைவிட ஏறக்குறைய 13 வயசே மூத்த அம்மா. புத்தகத்தில் ஒருத்தனுடைய நோயாக இருந்தது, படத்தில் ஒரு சமூகத்தைப் பற்றிய ஜோக்காக மாறிருச்சு. ஷோலம் பயந்ததுக்கு நாவலைவிடப் படம்தான் பொருத்தமோன்னு எனக்குத் தோணும். கோட் அப்படியே காப்பி ஆயிருச்சு, அது ஓடுறதுக்கான என்விரான்மென்ட் வரலைன்னு எங்க தொழில்ல சொல்லுவோம்.

சரி, இனி நம்ம ஊருக்கு வருவோம்.

கொங்கு நாட்டுக்கும் 'நாவல் படமாவது' என்கிற விஷயத்துக்கும் பழைய உறவு உண்டு. 1954ல் வந்த 'மலைக்கள்ளன்' நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை எழுதிய நாவல். அதைப் படமாக எடுத்தது கோயம்புத்தூர் பட்சிராஜா ஸ்டுடியோ ஸ்ரீராமுலு நாயுடு. வசனம் கருணாநிதி, ஹீரோ எம்.ஜி.ஆர். நாமக்கல்காரர் எழுதி, கோவைக்காரர் எடுத்து, தமிழ்நாடே பார்த்த படம். ஆனால் அதில் கொங்குப் பேச்சைத் தேடினால் கிடைக்காது. அப்போதைய சினிமாவுக்கு வட்டாரம் தேவைப்படவில்லை.

பிறகு வந்த கொங்கு இரண்டு வகை. ஒன்று, 'சின்னக் கவுண்டர்', 'நாட்டாமை' வகை: வெள்ளை வேட்டி, பஞ்சாயத்து மேடை, தப்பே செய்யாத தீர்ப்பு. இன்னொன்று காமெடி. கவுண்டமணி, கோவை சரளா, மணிவண்ணன், சத்யராஜ் வாயில் நம்ம ஸ்லாங் வந்தாலே தியேட்டர் சிரிக்கும். எனக்கு நாலு பேரையும் உயிரா பிடிக்கும், அதை முதல்ல சொல்லிடறேன். ஆனா இந்த இரண்டு வகையிலும், அந்தப் பஞ்சாயத்துக்காரர் வீட்டுக் காட்டில் வேலை செய்கிறவர் என்ன நினைக்கிறார் என்று யாரும் கேட்டதில்லை.

இலக்கியம் கேட்டுச்சு. 1942லேயே ஆர். சண்முகசுந்தரம் 'நாகம்மாள்' எழுதிவிட்டார். அவருடைய எழுத்தை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவர் ஒரு தமிழ்ப் பேராசிரியர். திருச்செங்கோடு பக்கத்துக்காரர். அப்பா விவசாயி, கூடவே சினிமா தியேட்டரில் சோடாக் கடையும் நடத்தினார். கொங்கு வட்டாரச் சொற்களைத் தொகுத்து ஓர் அகராதியே போட்டவர். பெருமாள்முருகன். தியேட்டரில் சோடா விற்கும் பையன்களை வைத்து 'நிழல்முற்றம்' என்று ஒரு நாவல் எழுதியிருக்கிறார். சினிமாவைத் திரைக்கு முன்னாடி உட்கார்ந்து பார்த்தவர் இல்லை, இருட்டில் சோடா பாட்டிலோடு நடந்து பார்த்தவர்.

2010ல் அவருடைய 'மாதொருபாகன்' வந்தது. கதை சுதந்திரத்துக்கு முந்தைய காலத்தில் நடக்கிறது. காளி, பொன்னா என்று ஒரு விவசாயத் தம்பதி. ஒருத்தர் மேல் ஒருத்தருக்கு அவ்வளவு ஆசை. 12 வருஷமாகக் குழந்தை இல்லை. ஊர் விடாது. விசேஷ வீட்டில் ஒரு சொல், வயலில் ஒரு சொல், கூட்டாளிகள் மத்தியில் ஒரு நக்கல். காளி கொஞ்சம் கொஞ்சமாகத் தனக்குள்ளேயே சுருங்கிப் போகிறான். போர்ட்னாய் போலச் சத்தமாகப் புலம்புகிறவன் இல்லை, உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொள்கிற ஆள். ஆம்பளைத்தனம் என்கிற ஒரு விஷயம் மனுஷனை எப்படித் தின்னும்னு பார்க்க ரெண்டு புத்தகத்தையும் அடுத்தடுத்துப் படிக்கலாம். திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயில் தேர்த் திருவிழாவின் பதினான்காம் நாள் இரவில், குழந்தை இல்லாத பெண்கள் முன்பின் தெரியாத ஆணோடு கூடிக் குழந்தை பெற ஒரு வழக்கம் இருந்ததாக நாவல் சொல்கிறது. பொன்னாவை அனுப்புவதா வேண்டாமா என்பதுதான் நெருக்கடி.

புத்தகம் வந்து நாலு வருஷம் பெரிய சலசலப்பு இல்லை. 2013ல் அனிருத்தன் வாசுதேவனின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் புத்தகம் எரிக்கப்பட்டது. நாவலின் சில பக்கங்களை மட்டும் நகலெடுத்து ஊரில் கொடுத்தார்கள். 2015 ஜனவரியில் கடையடைப்பு. ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் பேச்சுவார்த்தை. நிபந்தனையற்ற மன்னிப்பு என்று எழுதிய தாளில் அவர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அடுத்து ஃபேஸ்புக்கில் எழுத்தாளர் பெருமாள்முருகன் செத்துவிட்டார், இனி வெறும் ஆசிரியன்தான் என்கிற பொருளில் ஒரு குறிப்பு. நாமக்கல் அரசுக் கல்லூரியிலிருந்து சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறிப் போனார்.

2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா. அந்தப் பேச்சுவார்த்தை முடிவு அவரைக் கட்டுப்படுத்தாது, புத்தகம் பிடிக்காதவர்கள் படிக்காமல் இருக்கலாம், எழுத்தாளர் திரும்ப எழுதட்டும் என்பதுதான் சாரம். அடுத்த மாதமே கவிதைத் தொகுப்போடு திரும்பி வந்தார்.

இங்கே ராத் கதையோடு ஒரு பொருத்தம் இருக்கு. பெருமாள்முருகனும் தான் எழுதிய அதே நிலத்தில், தான் எழுதிய அதே சமூகத்தில் பிறந்தவர். 'நம்ம வீட்டுப் பொம்பளைங்களைப் பத்தி ஊருக்கு முன்னாடி இப்படி எழுதிட்டானே' என்பதும் 'எதிரி கையில் கொடுத்துட்டியே' என்பதும் ஒரே கோபம். ஒரு வித்தியாசமும் இருக்கு, அது சின்னது இல்லை. ராத்தை யாரும் அரசு அலுவலகத்தில் உட்கார வைத்துக் கையெழுத்து வாங்கவில்லை. அவர் பத்திரிகையில் பதில் எழுதலாம், மாடிக்குப் போய் அடுத்த நாவலை ஆரம்பிக்கலாம். இங்கே ஒரு மனுஷன் ஊரை விட்டுப் போக வேண்டியிருந்தது.

இதுக்கு அப்புறம் அவர் கதையைத் தொட எந்தத் தயாரிப்பாளருக்குத் தைரியம் வரும்? வந்துச்சு. ஆனா திரைக்குப் போனது 'மாதொருபாகன்' இல்லை. 'வறுகறி' என்கிற ஒரு சிறுகதை.

இயக்கியவர் தமிழ். தயாரிப்பு பா. ரஞ்சித்தின் நீலம். வசனம் பெருமாள்முருகனே எழுதினார். இசை பிந்து மாலினி. படத்தின் பெயர் 'சேத்துமான்'. விழாக்களில் திரையிடப்பட்டு, 2022 மே 27 அன்று நேராக சோனி லிவ்வில் வந்தது.

சேத்துமான் என்றால் பன்றி. சேற்றில் கிடக்கிற மான்! பேரைச் சொன்னா அசிங்கம், தின்னா ருசி. அதுக்காக ஒரு மாற்றுப் பேரு. போர்ட்னாய் வீட்டு 'ஹசராய்' ஞாபகம் இருக்கா? அங்கே பன்றியின் பேரையே திட்டாக்கி வெளித்தீனியைத் தள்ளி வைத்தார்கள். இங்கே பன்றிக்கு மான் என்று பேர் வைத்து ரகசியமாகக் கிட்ட இழுத்துக்கொண்டார்கள். தீட்டுன்னு ஒண்ணு இருந்தா அதைச் சுத்திப் போக ஒரு சொல்லும் கூடவே பிறந்துரும் போல.

படத்தின் கதை: பூச்சி என்கிற முதியவர் கூடை முடைகிறவர். பேரன் குமரேசனைப் படிக்க வைக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் கனவு. மாட்டுக்கறி விஷயமாக எழுந்த சந்தேகத்தில் பையனின் அப்பா அம்மாவை ஊர்க் கும்பல் அடித்துக் கொன்றுவிட்டது. பூச்சி வேலை செய்வது வெள்ளையன் என்கிற பண்ணாடியிடம். வெள்ளையனுக்குப் பன்றிக்கறி மேல் தீராத ஆசை, வீட்டில் மனைவிக்கோ அது அறவே ஆகாது. ஊருக்குத் தெரியக் கூடாது, வீட்டுப் பாத்திரத்தில் படக் கூடாது, ஆனா கறி வேணும். அதற்கு ஆள் சேர்க்கணும், பன்றி வளர்க்கிறவரிடம் பேரம் பேசணும், அறுக்கணும், சமைக்கணும், பங்கு போடணும். வேலை எல்லாம் யார் தலையில்? பூச்சி தலையில்.

பாதிப் படம் உண்மையிலேயே சிரிப்பு. கறி தின்ன ஆசைப்படும் பெரிய மனுஷன்கள், திருட்டு மாங்காய் அடிக்கப் போகும் பசங்க மாதிரி பயந்து பயந்து திட்டம் போடுவாங்க. வெள்ளையனாக நடித்த பிரசன்னா பாலச்சந்திரன் அவரை வில்லன் ஆக்காமல், ஒரு பதற்றக்காரராகவே விட்டிருக்கிறார். உள்ளே ஆசை, வெளியே கௌரவம், ரெண்டுக்கும் நடுவில் மாட்டிக்கிட்ட ஆள். போர்ட்னாய்க்குத் தூரத்துச் சொந்தம்னு எனக்குத் தோணுச்சு.

ஆனா லேமன் சறுக்கின இடத்தில் தமிழ் சறுக்கலை. இங்கே சிரிப்பு ஒருத்தர் மண்டைக்குள் இல்லை. பேச்சிலேயே இருக்கு, அதனால கேமரா அதைத் தொட முடியும். அந்தப் பேச்சை அகராதி போட்ட ஆளே எழுதியிருக்கார். இன்னொரு காரணமும் உண்டு. சிரிக்கிறவங்க யாரு, அந்தச் சிரிப்புக்கு விலை கொடுக்கிறவங்க யாருன்னு படம் ஒரு நிமிஷம்கூட மறக்கலை. கதை நடப்பது 2017ல். ராம்நாத் கோவிந்த் குடியரசுத் தலைவர் ஆகும் செய்தி பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். நாட்டின் முதல் இருக்கையில் ஒரு தலித், இந்த ஊரில் பூச்சி எங்கே நிற்கிறார் என்பது நம் கண் முன்னாடி. கடைசிப் பகுதியை நான் சொல்ல மாட்டேன். நிலத்துக்காரங்க நடுவில் இருக்கும் பழைய பகை, கறிச் சட்டியைச் சுற்றி வெடிக்கும். அதற்கு யார் விலை கொடுப்பார்கள் என்று உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.

இப்ப நான் இந்த எபிசோட் பண்ணதுக்கான விஷயத்துக்கு வரேன்.

கோயம்புத்தூர்க்காரங்க எல்லாருக்கும் ஒரு பெருமை உண்டு. 'எங்க ஊர்ல சின்னக் குழந்தையையும் வாங்க போங்கன்னுதான் கூப்பிடுவோம்.' சென்னையிலோ பெங்களூரிலோ வேலைக்குப் போனால் முதல் வாரத்திலேயே ரூம்மேட்டிடம் இதைச் சொல்லியிருப்போம். 'ஏனுங்க', 'சரிங்க', 'இல்லீங்க'. மீம் பேஜ் பாதி இதை வச்சுத்தான் ஓடுது. பொய் இல்லை, வீட்டுக்குள்ளே அது உண்மைதான்.

'சேத்துமான்' பார்க்கும்போது காதை அங்கே வையுங்க. பூச்சி வயசானவர், தாத்தா. அவரை விட எவ்வளவோ இளையவர்கள் அவரைப் 'பூச்சி' என்று பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், ஒருமையில். அவர் பதிலுக்குச் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்திலும் 'ங்க' இருக்கும். நாம உலகத்துக்கே காட்டி மகிழ்கிற அந்த ஒரு எழுத்து, கீழே இருந்து மேலே மட்டும் போகும். மேலே இருந்து கீழே வராது. நம்ம வீட்டில் அம்மா கொஞ்சும்போது 'வா சாமி' என்பாரே, அதே 'சாமி' காட்டு வேலைக்கு வந்தவர் வாயில் வேற சொல். கூலி கேட்கும்போது கை கட்டிக்கொண்டு சொல்லும் சொல்.

ஒரு யூத அம்மாவின் குரலை ராத் அச்சில் ஏத்தினப்போ, அது வெளியே கேட்டதுதான் பிரச்சினை ஆச்சு. இங்கேயும் வெளியே கேட்டிருக்க வேண்டிய குரல் ஒண்ணு இருந்தது. நாட்டாமை படங்களில் அது வெறும் 'ஆமாங்க ஐயா'. காமெடி படங்களில் வெறும் பின்னணி. முழு வாக்கியமாக, பேரன் இருக்கிற, கனவு இருக்கிற ஒரு மனுஷனின் பேச்சாகக் கேட்க 2022 வரை ஆயிருக்கு. அதுவும் தியேட்டரில் இல்லை, ஒரு ஆப்பில்.

அப்புறம் எனக்கு ஒரு எரிச்சலும் உண்டு, அதையும் சொல்லிடறேன். 'மாதொருபாகன்' மேல் நடந்த சண்டை பற்றிப் பேசாத ஆள் இல்லை. பேச்சுரிமை, கருத்துச் சுதந்திரம்னு அத்தனை பேனல் டிஸ்கஷன். பேசணும்தான். ஆனா அதே எழுத்தாளர் 'கூளமாதாரி'யில் பண்ணையத்தில் ஆடு மேய்க்க விடப்பட்ட அருந்ததியர் சிறுவனைப் பற்றி ஒரு முழு நாவல் எழுதியிருக்கார், 'மாதொருபாகனு'க்குப் பத்து வருஷம் முன்னாடி. அதற்கு யாரும் கடையை அடைக்கலை. நம்ம வீட்டுப் பெண்ணைப் பற்றி எழுதினால் ஊர் எரியும். நம்ம காட்டில் வேலை செய்த பையன் பட்ட பாட்டை எழுதினால் யாருக்கும் கோபமே வராது. எது நம்மைப் புண்படுத்துது, எது புண்படுத்தலைங்கிறதும் ஒரு வரலாற்று ஆவணம்தான்.

இதுவரை 'சேத்துமான்' பார்க்காதவங்க இந்த வார இறுதியில் பாருங்க. கொங்குத் தமிழ் தெரிஞ்சா சப்டைட்டிலை ஆஃப் பண்ணிருங்க. முதல் அரை மணி நேரம் கதையைக்கூட விட்டுருங்க. யார் யாருக்கு 'ங்க' போடறாங்க, யாருக்குப் போடலைன்னு மட்டும் எண்ணிட்டு வாங்க.